அணிலும் டிராகன் கள்ளியும்: சென்னை மாடித் தோட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விகள்

மாடியில் டிரம் வைத்து டிராகன் ஃப்ரூட் வளர்ப்பது சென்னையில் பரவலாகிவிட்டது. அந்த மாடிகளுக்கு அணில்கள் அதற்கு முன்பிருந்தே வந்துபோகின்றன. இரண்டும் ஏறிப் பிழைக்கும் உயிர்கள். ஒன்று கொறிக்கும் விலங்கு, மற்றது பற்றிப் படரும் கள்ளி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழம் ஏன் பறிபோகிறது, எதைச் செய்தால் நிற்கும் என்பது பிடிபடும்.

ஒரு விலங்கையும் ஒரு செடியையும் ஒப்பிடுவதால் என்ன பயன்?

பயன் நேரக் கணக்கில் இருக்கிறது. அணில் பகல் ஷிப்ட், டிராகன் கள்ளி இரவு ஷிப்ட். அணில் விடிந்ததும் இறங்கி, பொழுது சாய்வதற்குள் கூட்டுக்குப் போய்விடும். கள்ளியோ இரவில்தான் மூச்சுத் துளைகளைத் திறக்கிறது, இரவில்தான் பூக்கிறது. ஆகவே அணிலால் பூவுக்குப் பெரிதாகக் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. இருவரும் மோதிக்கொள்ளும் இடம் பழம் சிவந்து தொங்கும் கடைசிப் பத்து நாள்தான். அந்தப் பத்து நாளைக் காத்தால் போதும். வருடம் முழுக்க அணிலோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

எந்த அணில், எந்தக் கள்ளி?

சென்னையில் நாம் பார்ப்பது முதுகில் மூன்று வெள்ளைக் கோடு ஓடும் பனை அணில். அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரம். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வளர்ந்த அணில் சுமார் 100 கிராம் எடை இருக்கும். வட இந்தியாவில் அதிகம் தென்படும் ஐந்து கோட்டு அணில் வேறு இனம். அதற்கு விலாப்பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் கூடுதலாக இருக்கும்.

கள்ளியின் பெயர் செலினிசீரியஸ் உண்டாட்டஸ். வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளைச் சதை, கறுப்பு விதை. பழைய நூல்களிலும் நர்சரிச் சீட்டுகளிலும் ஹைலோசீரியஸ் உண்டாட்டஸ் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், 2017-இல் பேரினத்தை மாற்றி வைத்தார்கள். தெற்கு மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்துச் செடி. அங்கே காட்டு மரங்களில் பற்றி ஏறி வளரும். குஜராத் அரசு 2021-இல் ‘கமலம்’ என்று பெயர் சூட்டியதும் இந்தப் பழத்துக்குத்தான்.

இரண்டும் எப்படி ஏறுகின்றன? கம்பம் எப்படி இருக்க வேண்டும்?

அணிலுக்கு வளைந்த கூர்நகம். சொரசொரப்பான எதிலும் அது மாட்டிக்கொள்ளும். பின்னங்காலைப் பின்புறமாகத் திருப்பிக்கொள்ள முடிவதால் தலைகீழாகவும் அதே வேகத்தில் இறங்கும். மாடிச் சுவரின் சிமென்ட் பூச்சு, கேபிள் ஒயர், தென்னை மட்டை எல்லாமே அதற்குப் பாதைதான்.

கள்ளிக்கு நகத்தின் இடத்தில் காற்று வேர். தண்டுக்கு மூன்று விளிம்புகள் உண்டு. கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் தண்டிலிருந்து வெளிர்பழுப்பு வேர்கள் கிளம்பி, ஈரமும் சொரசொரப்பும் உள்ள இடத்தைத் தேடி ஒட்டும். அணில் சில நொடியில் ஏறும் உயரத்துக்கு இதற்கு ஒரு வருடம் வேண்டும்.

வழுவழுப்பான பிவிசி பைப்பில் அணிலும் வழுக்கும், கள்ளியின் வேரும் ஒட்டாது. ‘பிவிசி வைத்தால் அணில் ஏறாது’ என்று வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தண்டு சரிந்து மடங்கிக் கிடப்பதைப் பார்ப்பவர்கள் நிறைய. கம்பத்தின் நடுவில் தகரப் பட்டை சுற்றுவதும் அப்படித்தான். தென்னைக்கு அது உதவும். இங்கே செடியின் தண்டே தகரத்தைத் தாண்டி மேலே போகிறது, அதுவே அணிலுக்கு ஏணி ஆகிவிடும். போதாக்குறைக்கு, கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரே தாவலில் உச்சிக்கே வந்துவிடும். அணிலைத் தடுக்கும் வேலையைக் கம்பத்திடம் கொடுக்காதீர்கள். கம்பம் செடிக்காக மட்டும் இருக்கட்டும்.

செடிக்கு ஏற்ற கம்பம் என்றால் 4 அங்குலச் சதுரச் சிமென்ட் கம்பம்தான் முதல். ஆனால் 6 அடிக் கம்பமே நாற்பது கிலோவைத் தாண்டும். மாடிக்கு அது கனம் என்று நினைப்பவர்கள் 4 அங்குல பிவிசி பைப் எடுத்து, அடியில் ஒன்றரை அடிக்கு மட்டும் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு கம்பி நிறுத்தி, வெளியே தேங்காய் நார்க்கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றலாம். சவுக்குக் கம்பம் மலிவு, ஆனால் ஈர மண்ணில் இரண்டு மூன்று வருடத்தில் அடி மக்கிவிடும். கள்ளியோ இருபது வருடம் வாழக்கூடியது. பாதியில் கம்பம் மாற்றுவது செடியை வெட்டுவதற்குச் சமம்.

நார்க்கயிற்றில் ஒரு தொல்லை உண்டு. கூடு கட்டும் காலத்தில் அணில் வந்து, இரண்டு கையாலும் கயிற்றின் பிரியைப் பிய்த்து, வாய் நிறைய உருட்டி எடுத்துப் போகும். வேர் பற்றுவதற்கு முன் இது நடந்தால் தண்டு தொங்கிவிடும். முதல் வருடம் ஒவ்வொரு ஒன்றே கால் அடிக்கும் பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். மட்டை உரித்த நாரை இரண்டு கைப்பிடி மாடியின் மறு மூலையில் போட்டு வைத்தால், உரித்தெடுக்கும் சிரமம் இல்லாத அந்த நாருக்குத்தான் அது முதலில் போகும்.

கள்ளிக்கு முள் உண்டே, அணிலுக்குக் குத்தாதா?

குத்துவதற்கு அங்கே முள் போதாது. இந்தக் கள்ளியின் முட்கள் சில மில்லிமீட்டர் நீளம்தான். அதுவும் விளிம்பில் ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி விட்டுக் கொத்தாக நிற்கும். அணிலின் பாதம் நடுவில் வசதியாக விழும். பழத்தில் முள்ளே கிடையாது, செதில்தான். மஞ்சள் தோல் டிராகன் பழத்தில் முள் உண்டு, ஆனால் பழுத்ததும் அது தானாகவே உதிரத் தொடங்கும்.

அணில் பூவிலிருந்து பூவுக்குத் தாவினால் மகரந்தச் சேர்க்கை நடக்காதா?

நடக்காது. பூ இருட்டிய பிறகு விரிந்து, மறுநாள் காலை வெயில் ஏறியதும் வாடிவிடும். சொந்த ஊரில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் அந்த வேலையைச் செய்கின்றன. இங்கே விடியலில் தேனீ வந்து கொஞ்சம் உதவும். வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனாலும் கையால் செய்தால் பழம் பெரிதாகும், உதிர்வது குறையும். சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும். ஒரே சிவப்புச் செடியை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பூ மட்டும் பார்ப்பவர்களுக்கு நோய் தேடும் வேலை வேண்டாம். பக்கத்தில் ஒரு வெள்ளை ரகம் வைத்தால் தீர்ந்தது.

கையால் எப்படிச் செய்வது?

இரவு எட்டரை மணிக்கு மேல், பூ முழுக்க விரிந்ததும் செய்யுங்கள். உலர்ந்த கிண்ணத்தைப் பூவின் அடிப்புறத்தில் பிடித்து, மஞ்சள் மகரந்தத் தாள்களை மெல்லிய தூரிகையால் தட்டினால் தூள் விழும். நடுவில் நீட்டிக்கொண்டு, நட்சத்திரம் போல் பல கிளையாகப் பிரிந்திருக்கும் சூலகமுடியில் அந்தத் தூளை எல்லாக் கிளையிலும் படும்படி தடவுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தடவினால் பழம் கோணலாக வரும். மிச்சத் தூளைக் காகிதத்தில் மடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாள் பூவுக்குப் பயன்படுத்தலாம். இரவில் விழிக்க முடியாதவர்கள் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். மழை பெய்யும் இரவு என்றால் பூவின் மேல் பிளாஸ்டிக் கவரைத் தொப்பி போலக் கவிழ்த்து விடுங்கள். மகரந்தம் நனைந்தால் வீண்.

மொட்டு உதிர்கிறது. அணிலின் வேலையா?

உதிர்ந்த மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல் தடம் இல்லாமல், முழுதாக, மஞ்சளாகி விழுந்திருந்தால் அது வெயிலோ தண்ணீர்க் கோளாறோ. மே, ஜூன் வெயிலில் முதல் சுற்று மொட்டுகள் பாதி விழுவது சகஜம். காம்புப் பக்கம் கொறித்த அடையாளம் இருந்தால் மட்டுமே அணில். மொட்டில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள். மொட்டுச் செதிலில் சுரக்கும் இனிப்புக்காக அது வருகிறது. எறும்போடு வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

பழத்தில் ஓட்டை. கடித்தது யார்?

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறரைக்கு முழுதாக இருந்த பழம் விடிவதற்கு முன்பே குடையப்பட்டிருந்தால் அது அணில் இல்லை. வீட்டு எலியோ பழந்தின்னி வௌவாலோதான். வீட்டு எலியும் நன்றாக ஏறும் கொறிவிலங்கு. வால் உடம்பைவிட நீளம், பைப்பிலும் ஒயரிலும் நடக்கும். பெருச்சாளி கனம், அதன் வேலை தரையில்.

அடுத்தது தடம். அணில் செதில் பிரியும் இடத்தில் தொடங்கி, தோலைத் துண்டு துண்டாகக் கொறித்துக் கீழே சிந்தி, ஒரு பக்கமாகக் குடைந்து சாப்பிடும். பழம் காம்பில் தொங்கியபடியே இருக்கும். எலி கொறித்தால் பக்கத்தில் அரிசி போன்ற கரும் புழுக்கை கிடக்கும். மைனா, குயில், கொண்டைக்குருவி கொத்தினால் கூம்பு வடிவில் குழி விழும், ஓரத்தில் பல் கீறல் இருக்காது. வௌவால் வந்திருந்தால் மென்று துப்பிய சக்கையும் சுவரில் எச்சமும் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், இரவு வரும் எலிக்குப் பகல் அணிலைத் தண்டிப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது.

பழத்தைக் காப்பதற்கு உறுதியான வழி எது?

கம்பி வலைக் கூண்டு. மற்றதெல்லாம் பாதி வழி.

ஏன் கம்பி என்றால், கொறிவிலங்கின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். துணிப் பை, நைலான் வலை, பிளாஸ்டிக் டப்பா எதுவும் அதற்குப் பொருட்டில்லை. வெள்ளை நெய்யாத் துணிப் பை பழ ஈக்கும் பறவைக்கும் சரி, அணிலுக்குச் சரிப்படாது.

ஹார்டுவேர் கடையில் அரை அங்குலக் கண் உள்ள துத்தநாகம் பூசிய வெல்ட் மெஷ் கேளுங்கள். ஒரு அங்குலக் கண் வேண்டாம், குட்டி அணில் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். ஒரு பழத்துக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் வெட்டுங்கள். 60 செ.மீ. பக்கத்தைச் சுருட்டி, மூன்று செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டுக்கம்பியால் தைத்தால் 18 செ.மீ. விட்டமுள்ள உருளை கிடைக்கும். அடிவாயை நசுக்கி மடக்கிவிடுங்கள். மேல்வாயில் நான்கு இடத்தில் 6 செ.மீ. ஆழம் கீறி, பழத்தை உள்ளே விட்டபின் அந்த நாக்குகளைத் தண்டைச் சுற்றி உள்பக்கம் மடக்குங்கள். வெட்டிய கம்பி நுனி தண்டைக் கிழிக்காமல் பழைய சைக்கிள் டியூப் துண்டை இடையில் கொடுக்க வேண்டும். கிழிந்த இடத்தில்தான் அழுகல் புகும்.

கூண்டின் கனத்தைத் தண்டில் ஏற்றாதீர்கள். தண்டு படர்ந்து தொங்குவதற்காகக் கம்பத்தின் உச்சியில் மாட்டும் டயரிலிருந்தோ இரும்பு வளையத்திலிருந்தோ தனிக்கயிற்றில் தொங்கவிடுங்கள். பழம் வலையில் சாயாமல் சுற்றிலும் மூன்று செ.மீ. இடம் இருக்கட்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் வலைக்கண் வழியாகவே கொறித்துவிடும்.

கூண்டு மாட்டும் நாள்: பூ வாடிய ஐந்தாறு நாளில் காய்ந்த இதழை மட்டும் மெதுவாகத் திருகி எடுத்துவிடுங்கள். அதற்குள் அடிப்பகுதி பச்சையாகத் திரண்டிருந்தால் காய் நின்றது, மஞ்சளானால் விழும். 22-ஆம் நாள் வாக்கில் பச்சை வெளிறத் தொடங்கும். அப்போதே மாட்டுங்கள். சிவந்த பிறகு மாட்டலாம் என்றால் பழம் உங்களுக்காகக் காத்திருக்காது.

பத்துப் பதினைந்து பழம் ஒரே சமயத்தில் நிற்கும் செடிக்குத் தனித்தனிக் கூண்டு கட்டுப்படியாகாது. அப்போது டிரம்மைச் சுற்றி ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஜிஐ பைப் சட்டம் அடித்து, கூரையோடு சேர்த்து அதே வெல்ட் மெஷ்ஷால் மூடி, ஒரு கதவு வையுங்கள். தேனீ உள்ளே வந்து போகும், வௌவால் வராது. ஆகவே இரவு மகரந்தம் உங்கள் பொறுப்பு.

மிளகாய்க் கரைசல், பினாயில், பிளாஸ்டிக் பாம்பு, ஒட்டும் அட்டை?

மிளகாயின் காரம் அணிலுக்கு உறைக்கும், பறவைக்கு உறைக்காது. லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மிளகாய்த்தூளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறியதும் தெளித்தால் மூன்று நாலு நாள் தள்ளிப் போகும். ஒரு மழை பெய்தால் தொடக்கத்துக்கே வந்துவிடும். பினாயில், நாப்தலின் உருண்டையைச் சாப்பிடும் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாம்பு, ஆந்தை பொம்மை எல்லாம் அசையாதது என்று சில நாளில் புரிந்துகொள்ளும்.

ஒட்டும் அட்டையும் விஷமும் கூடவே கூடாது. ஒட்டும் அட்டையில் அணில் மட்டுமா சிக்கும்? பல்லி, ஓணான், தையல்சிட்டு எல்லாம் தோல் உரிந்து சாகும். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் பூனையும் சேர்ந்து போகும். எலியைக் குறைப்பது அந்த ஆந்தைகள்தான். தளர்வாக விரித்த மெல்லிய நைலான் வலையும் இதே ரகம், சாரைப்பாம்பு வரை சிக்கிக்கொள்ளும்.

சென்னை வெயிலை அதிகம் தாங்குவது யார்?

மே மாத நண்பகலில் இரண்டுமே ஓய்ந்துவிடும். அணில் நிழலில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கால் பரப்பிப் படுக்கும், உடம்புச் சூட்டை இறக்குவதற்கு. கள்ளி மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்த கரிவளியை (கார்பன் டை ஆக்சைடு) வைத்துப் பகலில் உணவு தயாரிக்கும். நீர் வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஆனால் ‘கள்ளிதானே, எவ்வளவு வெயிலும் தாங்கும்’ என்பது இந்தச் செடிக்குப் பொருந்தாது. இது பாலைவனத்துச் செடி இல்லை, மரநிழலில் ஏறும் செடி. 38 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் மேற்குப் பார்த்த தண்டு முதலில் மஞ்சளாகி, பிறகு வெளிறித் தோல் காயும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 35 அல்லது 50 சதவீத நிழல்வலை போடுங்கள். மற்ற மாதங்களில் முழு வெயில் நல்லது, வெயில் குறைந்தால் பூ குறையும்.

கோடையில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் தாகத்துக்காக இளந்தளிரைக் கொறிப்பது குறையும். சட்டி செடியிலிருந்து தள்ளி இருக்கட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

டிரம், மண், தண்ணீர் அளவு?

60 லிட்டர் டிரம்மில் ஒரு செடி, அதிகபட்சம் இரண்டு. அடியில் 12 மி.மீ. துளை பத்து. அதன்மேல் இரண்டு அங்குலம் ஓட்டுச்சில்லு. மண்ணுக்கு நான்கு பங்கு செம்மண், மூன்று பங்கு கரடான மணல், மூன்று பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், டிரம்முக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. தென்னை நார்க்கழிவைக் கூட்டிப் போட்டால் ஐப்பசி மழையில் ஈரம் வடியாது. நனைந்த டிரம்மும் கம்பமும் வளர்ந்த செடியும் சேர்ந்தால் 120 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் ஓரமாகச் செங்கல்மேல் வையுங்கள்.

நடும் துண்டு ஒரு அடி நீளமுள்ள முற்றிய தண்டு. வெட்டிய முனையை நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்தி, இரண்டு அங்குலம் மட்டும் புதைக்க வேண்டும். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், முட்குழி நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வேர் பிடிக்க மூன்று நாலு வாரம். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை வருடத்தில் பூ. விதை போட்டவர்கள் நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கோடையில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை 3 லிட்டர், சாயங்காலத்தில். மற்ற காலத்தில் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் தண்டு அழுகுகிறது. என்ன செய்வது?

சென்னையின் ஆண்டு மழை 1,400 மி.மீ. அளவு என்றால், அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. இந்தக் காலத்தில் டிரம்மில் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. செப்டம்பரிலேயே துளைகளில் கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள்.

அழுகலில் இரண்டு விதம். தண்டு கொழகொழவென்று நீர் கோத்து நாறினால் பாக்டீரியா அழுகல். ஆரஞ்சு பழுப்பில் சிறு புள்ளி தோன்றி, பிறகு சொறி போல வட்டமாக உலர்ந்தால் பூஞ்சைப் புண். எதுவானாலும் நல்ல தசை தெரியும்வரை, இரண்டு அங்குலம் கூடுதலாகவே வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசி, மழை படாமல் இரண்டு நாள் உலர விடுங்கள். சதை அழுகி, நடுவில் உள்ள நார்த்தண்டு மட்டும் திடமாக இருந்தால் அது இன்னும் நீரைக் கடத்தும், மேலே உள்ள பகுதி பிழைக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தின் உச்சியை இரண்டு பக்கம் கைப்பிடிச் சுவர்க் கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள். 2016 டிசம்பர் வர்தா புயலில் பெரிய மரங்களே வேரோடு சாய்ந்த ஊர் இது. தலைகனத்த டிரம் நிற்காது.

கிளை வெட்டும்போது அணில் கூடு கண்டால்?

அப்படியே விட்டுவிடுங்கள். கர்ப்பம் 34 நாள், வழக்கமாக இரண்டு மூன்று குட்டிகள், பால் மறக்கப் பத்து வாரம் போல ஆகும். கிளை வெட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குட்டி கீழே விழுந்திருந்தால், உடம்பு சில்லிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில்லிட்ட குட்டிக்கு எதையும் புகட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் பாதியில் மட்டும் வையுங்கள், சூடு கூடினால் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். சூடு ஏறியதும் பெட்டியைத் திறந்தபடி கூட்டுக்கு அருகில், பூனையும் காகமும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியல்ல, வாயில் கவ்வித் தூக்கிப் போகும். ஆனால் பகலில்தான் வரும், இரவில் வெளியே வைப்பது ஆபத்து. அந்தி வரை வராவிட்டால் வேளச்சேரிச் சாலையில் உள்ள ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்பிடம் ஒப்படையுங்கள். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், மூக்கில் ஏறினால் நுரையீரலுக்குள் போய்க் குட்டி செத்துவிடும்.

அணில் கடித்துவிட்டால்?

ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள்.

கொறித்த பழத்தை வெட்டி மிச்சத்தைச் சாப்பிடலாமா?

வேண்டாம். கடித்தது அணிலா எலியா என்று உறுதியாகத் தெரியாது, எலிச் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். அந்தப் பழத்தை அங்கேயே விட்டுவைத்தால் அணில் அதையே முடிக்கும், பக்கத்துப் பழத்துக்குப் போவது தள்ளிப்போகும். முழுப் பழத்தையும் கழுவித்தான் வெட்ட வேண்டும்.

அணிலுக்குப் பயந்து முன்னதாகவே பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாமா?

முடியாது. மா, வாழை போல இது பறித்த பிறகு இனிப்பேறாது. தோல் முழுதும் சிவந்து ஐந்தாறு நாள், அதாவது பூத்து 30 முதல் 35 நாளில், செதில் நுனி லேசாக வாடத் தொடங்கும்போது பறியுங்கள். திருகி இழுத்தால் தண்டு கிழியும், காம்பின் இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டுங்கள்.

சப்பாத்திக்கள்ளியை வேலியாக வைத்தால் அணில் வராதா?

வரும். சுவர்வழி வருவதற்கு வேலி எதற்கு? அந்தக் கள்ளியின் ஊசி நுண்முள் உங்கள் கையில்தான் ஏறும்.

சப்பாத்திக்கள்ளிக்கு இந்த ஊரில் பழைய கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காக. சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி மட்டும் தென்னாட்டு மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிக் களையானது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறொரு கொச்சினீல் இனத்தை விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளியும் இதே குடும்பமா?

இல்லை. கிள்ளினால் பால் வடியும் அவை ஆமணக்குக் குடும்பம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. டிராகன் கள்ளியை வெட்டினால் நிறமில்லாத வழவழப்பான நீர்தான் வரும், கையில் பட்டாலும் ஒன்றும் செய்யாது. நர்சரியில் ‘டிராகன்’ என்று சொல்லி முக்கோணத் தண்டைக் கொடுத்தால் நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். பால் வந்தால் வாங்காதீர்கள்.